எந்தக் கடற்கரை, எந்த மாதம்?

கோட்டுச்சேரியில் இருப்பவர்களுக்குக் கடற்கரைக்குப் பஞ்சமில்லை. கிழக்கே போனால் கோட்டுச்சேரிமேடு, அதை ஒட்டி அக்கம்பேட்டை, காளிக்குப்பம், கிளிஞ்சல்மேடு. தெற்கே அரசலாறு கடலில் சேரும் இடத்தில் காரைக்கால் கடற்கரை. நண்டலாற்றைத் தாண்டி வடக்கே போனால் தரங்கம்பாடி, இன்னும் மேலே பூம்புகார். மறுபக்கம் பட்டினச்சேரி, நாகூர், வேளாங்கண்ணி. எல்லாமே ஒரு மணி நேரப் பயணத்துக்குள்தான். விடுமுறைக்கு உறவினர் வந்துவிட்டால் எங்கே போவது என்று வீட்டில் பேச்சு தொடங்கும். சுண்டல் எங்கே கிடைக்கும், வண்டியை எங்கே நிறுத்தலாம், பிள்ளைகளுக்கு ஊஞ்சல் இருக்கிறதா என்று பார்த்து முடிவு செய்வோம்.

இவையும் வேண்டியவைதான். ஆனால் காலை நனைக்கவோ குளிக்கவோ போகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது வேறு. இது எந்த மாதம், காற்று எங்கிருந்து அடிக்கிறது, ஆற்றில் தண்ணீர் ஓடுகிறதா? ஒரே கடற்கரை பங்குனியில் குழந்தையை இறக்கும்படி இருக்கும். கார்த்திகையில் நன்றாக நீந்தத் தெரிந்தவரையும் இழுத்துவிடும். மணலும் அலையும் ஆறும் சேர்ந்துதான் கடற்கரை. அந்த மூன்றும் இங்கே ஆண்டு முழுவதும் மாறிக்கொண்டே இருக்கின்றன.

முதலில் அலை. நம் கரைக்கு வரும் அலைகளில் ஒரு பகுதி அருகில் அடிக்கும் காற்றால் எழுகிறது. மற்றவை ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால், தென்பெருங்கடலின் புயல்களில் பிறந்து நாள் கணக்கில் பயணம் செய்து வருகின்றன. கேரளத்தில் இவற்றைக் கள்ளக்கடல் என்பார்கள். உள்ளூரில் காற்றே இருக்காது, வானம் தெளிவாக இருக்கும், கடல் மட்டும் திடீரெனப் பொங்கும். 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டத்தின் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை அலை கொண்டுபோனது. ஹைதராபாத்தில் உள்ள இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் அதற்கு முந்தைய நாட்களிலேயே தென் தமிழகக் கரைக்கு எச்சரிக்கை விடுத்திருந்தது. கரையில் நின்று வானத்தைப் பார்ப்பவர்களுக்கு அந்த ஆபத்து கண்ணில் படாது.

காரைக்கால் கரைக்கு இந்த விஷயத்தில் ஒரு காவல் உண்டு. அது இலங்கை. பருத்தித்துறை நமக்குத் தென்தென்கிழக்கே சுமார் 130 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அங்கிருந்து தெற்கே அந்தத் தீவு முழுவதும் தடுப்பாக நிற்பதால், நேர் தெற்கிலிருந்து வரும் பெருங்கடல் அலைகளில் பெரும்பகுதி அதன் தென்கரையிலேயே மோதி முடிந்துவிடுகிறது. தீவின் விளிம்பில் வளைந்து வரும் மிச்சமும் தென்கிழக்கிலிருந்து வருபவையும்தான் நம்மை எட்டுகின்றன. மே, ஜூன் மாதங்களில் கன்னியாகுமரி கொந்தளிக்கும்போது நம் பக்கம் அவ்வளவு தெரியாததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

வடகிழக்கில் அந்தக் காவல் கிடையாது. வங்காள விரிகுடா முழுவதும் அந்தத் திசையில் திறந்து கிடக்கிறது. ஐப்பசி தொடங்கியதும் வாடைக்காற்று பல நூறு கிலோமீட்டர் நீர்ப்பரப்பின் மேல் ஓடி வந்து அலையை வளர்க்கிறது. அலையின் ஆற்றல் அதன் உயரத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். அரை மீட்டர் அலை ஒரு மீட்டராகும்போது ஆற்றல் நான்கு மடங்கு. ஒன்றரை மீட்டரானால் ஒன்பது மடங்கு. பார்வைக்குக் கொஞ்சம்தான் உயர்ந்திருக்கும், காலடியில் மணலைப் பறிக்கும் வேகம் அதைவிடப் பல மடங்கு உயர்ந்திருக்கும். புயல்களும் இந்த மாதங்களில்தான் வருகின்றன. 2008 நவம்பரில் நிஷா காரைக்கால் அருகே கரை கடந்தது. 2018 நவம்பர் 16 அன்று கஜா நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை ஏறியது. அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் முடியும்வரை இந்தக் கரையில் எங்கும் கடலில் குளிக்க வேண்டாம் என்பதே என் கருத்து. கரையில் உட்கார்ந்து பார்க்கலாம். அதற்கும் நல்ல கடல்தான் அது.

ஆனால் எங்கே உயிர் போகிறது என்றால், பெரும்பாலும் மிரட்டும் அலையில் இல்லை. அலை உடையாமல் அமைதியாகத் தெரியும் இடத்தில். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

கரையை நோக்கி வரும் அலை, நீரின் ஆழம் அலையின் உயரத்தைவிடச் சற்றே கூடுதலாக மட்டும் இருக்கும் இடத்தில் உடைகிறது. ஒரு மீட்டர் அலை ஏறக்குறைய 1.3 மீட்டர் ஆழத்தில் உடையும். கரைக்குச் சில பத்து மீட்டர் தள்ளி நீருக்கடியில் மணல்திட்டு இருந்தால், அலைகள் அதன் மேல் உடைந்து நுரையாகி உள்ளே பாயும். திட்டுக்கும் கரைக்கும் நடுவே இப்படித் தொடர்ந்து நீர் குவிகிறது. குவிந்த நீர் திரும்பிப் போக வழி தேடும். திட்டில் எங்காவது ஒரு தாழ்வான இடைவெளி இருந்தால், பக்கவாட்டில் ஓடி வந்து அதன் வழியே மொத்தமாகக் கடலுக்குள் பாயும். தியேட்டரில் படம் முடிந்ததும் கூட்டம் ஒரே கதவு வழியாக நெருக்கியடித்து வெளியேறுவது போலத்தான். மீனவர்கள் ‘இழுப்பு இருக்கு, இறங்காதீங்க’ என்று சொல்வது இதைத்தான்.

அந்த இடைவெளியில் ஆழம் அதிகம். அதனால் அங்கே அலை உடைவதில்லை, நுரை இருப்பதில்லை. இருபுறமும் வெள்ளையாகக் கொந்தளிக்க, நடுவில் ஒரு பட்டை மட்டும் கருநீலமாக, சலனமில்லாமல் தெரியும். ஊருக்குப் புதிதாக வந்தவர் குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு ‘இங்கே அலை இல்லை, இங்கேயே இறங்கலாம்’ என்று தேர்ந்தெடுப்பது அந்தப் பட்டையைத்தான். இழுப்பின் வேகம் பொதுவாக விநாடிக்கு அரை மீட்டர் அளவில் இருக்கும்; சில வேளைகளில் 2 மீட்டரையும் தாண்டும். 100 மீட்டர் நீச்சலில் உலகச் சாதனை 46 விநாடிக்குச் சற்று மேல். அதாவது உலகின் மிக வேகமான நீச்சல்காரரே விநாடிக்கு 2 மீட்டருக்குக் கொஞ்சம் மேல்தான் போகிறார். கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டு இழுப்பை வெல்ல முடியாது என்பதற்கு இந்த ஒரு கணக்கே போதும்.

இழுப்பு ஆளை அடியில் அமுக்காது, வெளியே கொண்டுபோகும். மூழ்கடிப்பது பெரும்பாலும் களைப்பும் பதற்றமும்தான். மாட்டிக்கொண்டவர் என்ன செய்ய வேண்டும் என்பதில் அறிவியலாளர்களிடையேயும் விவாதம் நடந்திருக்கிறது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேறு என்பது பழைய அறிவுரை. அமெரிக்காவின் மாண்டெரேயில் ஜேமி மக்மஹன் குழுவினர் இருப்பிடம் காட்டும் கருவிகள் பொருத்திய மிதவைகளை இழுப்பில் விட்டுப் பார்த்தார்கள். பெரும்பாலான மிதவைகள் நேரே நடுக்கடலுக்குப் போய்விடவில்லை; அலை உடையும் பகுதிக்குள்ளேயே வட்டமடித்துச் சில நிமிடங்களில் ஆழமில்லாத திட்டுக்குத் திரும்பின. அப்படியானால் சும்மா மிதந்தால் போதுமே என்று 2010 வாக்கில் பேச்சு எழுந்தது. ஆஸ்திரேலியாவில் இழுப்பின் பாதையைக் காட்ட ஊதாச் சாயத்தைக் கடலில் கரைத்துப் பாடம் நடத்தும் ராப் பிராண்டர் போன்றவர்கள் அந்த நாட்டுக் கரைகளில் ஆட்களை இறக்கிச் சோதித்தபோது, எல்லா இடத்துக்கும் பொருந்தும் ஒரே வழி இல்லை என்று தெரிந்தது. சில இடங்களில் மிதந்தவர் திரும்பினார், சில இடங்களில் வெளியே போனார். எல்லோரும் ஒப்புக்கொள்வது இதுதான்: இழுப்போடு மல்லுக்கட்டாதே, மல்லாந்து மிதந்து மூச்சைக் காப்பாற்று, கையை உயர்த்திக் கூப்பிடு, தெம்பு இருந்தால் நுரை தெரியும் பக்கமாக நகர்ந்து வா. நுரை இருக்கும் இடத்தில்தான் ஆழம் குறைவு. கரையில் இருப்பவர் பின்னாலேயே குதிக்கக் கூடாது. மூடிய காலி கேன், டியூப், கயிறு என்று மிதப்பது எதையாவது வீச வேண்டும்.

ஆற்றின் முகத்துவாரத்திலும், அங்கே கொட்டியிருக்கும் பாறாங்கற்களின் ஓரத்திலும் இழுப்பு கிட்டத்தட்ட நிரந்தரமாகவே இருக்கும். கரையோரமாக ஓடிவரும் நீர் கல்லில் முட்டி வெளிப்பக்கம் திரும்புவதால் வருவது அது. காரைக்கால் கடற்கரைக்குப் போகிறவர்கள் அரசலாற்றின் வாய்ப்பக்கம் இறங்காமல் தள்ளிப் போய்விட வேண்டும். அந்தக் கடற்கரையின் அழகே ஆற்றோரமாகவே நடந்து கடலை அடைவதில்தான் இருக்கிறது. மாலையில் நடக்க இதைவிட நல்ல இடம் இந்தப் பக்கத்தில் இல்லை. குளிக்க மட்டும் வேறிடம் பார்க்கச் சொல்வேன்.

அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கும்பகோணத்தின் ஓரமாக வரும் அரசலாறு, வழியில் உள்ள ஊர்களின் சாக்கடையையும் வயல்களின் வடிநீரையும் சேர்த்துக்கொண்டுதான் இங்கே வருகிறது. கோடையில் முகத்துவாரத்தில் மணல் ஏறி ஆற்றோட்டம் குறைந்துவிடும். மேட்டூர் அணை திறந்து தண்ணீர் கடைமடைக்கு வந்த பிறகும், அதைவிடக் கூடுதலாகப் பெருமழைக்குப் பிறகும், மாதக்கணக்கில் தேங்கியதெல்லாம் ஒரேயடியாகக் கடலில் இறங்கும். குளிப்பதற்கான கடல்நீருக்கு இந்தியாவில் வகுத்திருக்கும் அளவுப்படி 100 மில்லிலிட்டரில் மலக்கழிவு நுண்ணுயிரிகளின் எண்ணிக்கை 100ஐத் தாண்டக் கூடாது. கலங்கல், கரைந்த ஆக்சிஜன், அமிலகாரத்தன்மை ஆகியவற்றுக்கும் வரம்புகள் உண்டு. இந்த நுண்ணுயிரிகளைக் கடலின் உப்பும் வெயிலும் சேர்ந்து அழிக்கின்றன. தெளிந்த நீரில் நல்ல வெயில் பட்டால் சில மணி நேரத்தில் பெரும்பகுதி செத்துவிடும். கலங்கிய நீரில் வெளிச்சம் உள்ளே போகாது. அவை நாள் கணக்கில் பிழைத்திருக்கும். மழை விட்டு இரண்டு மூன்று நாள் ஆகாமல் முகத்துவாரத்தின் அருகே குளிக்காதே என்று உலகமெங்கும் சொல்வது இதனால்தான். கடல் பழுப்பாக இருந்தால் அன்று கோட்டுச்சேரிமேட்டிலும்கூட இறங்காமல் இருப்பதே நல்லது.

சுத்தமான கடற்கரைக்கு நீலக்கொடி தருகிறார்கள். இந்தத் திட்டம் 1985இல் பிரான்சில் தொடங்கியது; இப்போது 33 நிபந்தனைகளைப் பார்த்து ஆண்டுதோறும் வழங்கப்படுகிறது. 1739 முதல் 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காரைக்காலுக்கு அந்தக் கொடி இன்னும் வரவில்லை. நம் புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தில் சின்ன வீராம்பட்டினத்தின் ஈடன் கடற்கரைக்கு 2021இல் கிடைத்தது. அதே ஆண்டு சென்னையை அடுத்த கோவளத்துக்கும் கிடைத்தது. நீர்ப் பரிசோதனை முடிவைக் கரையிலேயே எழுதி வைக்க வேண்டும், உயிர்காப்பாளர் இருக்க வேண்டும் என்பவை அதன் நிபந்தனைகளில் அடக்கம். கொடி வராவிட்டால் போகட்டும். இந்த இரண்டும் காரைக்கால் கடற்கரைக்கு இன்றே வேண்டியவை. மாலை நேரத்தில் அங்கே கூடும் பிள்ளைகளைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு இதுதான் தோன்றும்.

தரங்கம்பாடியைப் பற்றி ஒரு வார்த்தை. டேனியர்கள் 1620இல் கோட்டை கட்டிய ஊர். அதன் கடற்கரையில் ஓசோன் நிறைந்த காற்று வீசுகிறது, உடம்புக்கு நல்லது என்று சுற்றுலாக் குறிப்புகளில் திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள். ஓசோன் வானத்தின் உயரத்தில் இருந்தால் புற ஊதாக் கதிரைத் தடுத்து நம்மைக் காக்கும். மூச்சு விடும் உயரத்தில் அது நுரையீரலைப் புண்ணாக்கும் மாசு. எட்டு மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 100 மைக்ரோகிராமுக்கு மேல் கூடாது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். 1840இல் ஷோன்பைன் ஓசோனைக் கண்டுபிடித்ததும், கடல் காற்றின் வாசனையே அதுதான் என்று ஐரோப்பியர்கள் நம்பி ஓய்வுக்குக் கடற்கரைகளைத் தேடிப் போனார்கள். அந்த நம்பிக்கையின் மிச்சம் இன்னும் உலவுகிறது. கடலின் வாசனைக்குப் பெரும்பங்கு காரணம், கடல் நுண்பாசிகளின் பொருளை நுண்ணுயிரிகள் சிதைக்கும்போது வெளிவரும் டைமெத்தில் சல்பைடு என்ற கந்தக வாயு. தரங்கம்பாடிக்கு ஓசோனுக்காகப் போக வேண்டாம். கோட்டைக்காகவும், கடல் முன்பக்கத்தை அரித்துக்கொண்டுபோன மாசிலாமணிநாதர் கோயிலைப் பார்க்கவும் கட்டாயம் போக வேண்டும். நிலமும் கடலும் எழுநூறு ஆண்டுகளாக எப்படி இடம் மாறுகின்றன என்பதை அந்தக் கோயிலைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் அருகில் வேறில்லை.

கரை இப்படித் தேய்வதற்கும் வளர்வதற்கும் காரணம் மணலின் ஓட்டம். அலை கரையில் சாய்வாக மோதும்போது மணலைக் கரையோரமாகவே தள்ளிக்கொண்டு போகிறது. தென்மேற்குப் பருவத்தில் வடக்கே, வாடைக்காலத்தில் தெற்கே. நடுவில் கல்சுவர் கட்டினால் ஒரு பக்கம் மணல் சேரும், மறுபக்கம் கடல் அரிக்கும். சென்னை மெரினா இவ்வளவு அகலமாக ஆனது 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் துறைமுகம் கட்டிய பிறகுதான். அதே சுவருக்கு வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரிக்கப்பட்டது. புதுச்சேரி நகரின் கடற்கரை துறைமுகச் சுவர் எழுந்த பின் காணாமல் போனது. 2018இல் கடலுக்குள் ஆப்பு வடிவில் செயற்கைத் திட்டு ஒன்றை இறக்கிய பிறகு மணல் திரும்பி வந்திருக்கிறது. 1990 முதல் 2018 வரை செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு தேசியக் கடலோர ஆய்வு மையம் கணக்கிட்டதில், நாட்டின் பிரதான கடற்கரையில் 33.6 சதவீதம் அரிப்பில் இருக்கிறது. நம் டெல்டாவுக்குக் கூடுதல் கவலை உண்டு. 1934இல் மேட்டூர் அணை வந்த பிறகு, காவிரி மேலிருந்து கொண்டுவந்த மணலில் பெரும்பகுதி அங்கேயே நின்றுவிடுகிறது. கடல் எடுத்ததைத் திருப்பித் தர ஆற்றிடம் சரக்கு குறைவு.

கரைக்குப் போனதும் மணலைப் பார்த்தால் கடல் அண்மையில் என்ன செய்தது என்று தெரிந்துவிடும். வெளிர் மணலின் நடுவே கறுப்புப் பட்டைகள் இருக்கின்றனவா? எண்ணெய்க் கசிவு என்று சிலர் நினைப்பதுண்டு. அது இல்மனைட் போன்ற கனமான தாதுமணல். சாதாரண குவார்ட்ஸ் மணல் தண்ணீரைவிட 2.65 மடங்கு கனம். இல்மனைட் நாலரை மடங்குக்கும் மேல். பெரிய அலை லேசானதை வாரிக்கொண்டு போக, கனமானது தங்கிவிடுகிறது. புதிதாகத் தெளிவான கறுப்புப் பட்டையும், ஆள் முழங்கால் உயரத்துக்கு மணலை வெட்டி எடுத்த செங்குத்தான விளிம்பும் தெரிந்தால், அண்மையில் அங்கே அலை பலமாக அடித்திருக்கிறது என்று பொருள். சரிவும் முக்கியம். மணல் பருமனாக இருந்தால் கரை செங்குத்தாக இருக்கும். அங்கே அலை காலடியிலேயே சுருண்டு விழும். இரண்டு அடி வைத்தால் ஆழம். மென்மணல் கரை தட்டையாக இருக்கும், அலை தூரத்திலேயே உடைந்து களைத்து வரும். சிறு பிள்ளைகளோடு போகிறவர்கள் தட்டையான கரையைத் தேட வேண்டும். பூம்புகாரில் கற்களைக் கொட்டியிருக்கும் பகுதி பார்க்க மட்டுமே ஏற்றது. வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை திருவிழாக் கூட்டம் அலைமோதும். அந்த நெரிசலில் ஒருவர் நழுவினால் பக்கத்தில் இருப்பவருக்கே தெரியாது.

அப்படியென்றால் எப்போது குளிப்பது? மாசி பாதியிலிருந்து சித்திரை வரை. வாடை ஓய்ந்து தென்மேற்குக் காற்று இன்னும் பிடிக்காத இடைவெளி அது. ஆண்டிலேயே அலை மிகத் தணிந்திருக்கும் நாட்கள். மழை கிடையாது, ஆறுகள் அடங்கியிருக்கும், நீர் தெளிந்திருக்கும். நம் மக்கள் கடலாடுவதற்கு வைத்திருக்கும் பெருநாளான மாசிமகம் இந்தப் பருவத்தின் வாசலில்தான் வருகிறது. திருக்கண்ணபுரத்துச் சௌரிராஜப் பெருமாள் அன்று திருமலைராயன்பட்டினத்துக் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு வருகிறார். அவரது துணைவியான பத்மினித் தாயார் தங்கள் குலத்துப் பெண் என்பதால் பட்டினச்சேரி மீனவர்கள் பெருமாளை ‘மாப்பிள்ளை’ என்று கூப்பிட்டு வரவேற்பார்கள். நாள் பௌர்ணமியை ஒட்டியது. சூரியனும் சந்திரனும் ஒரே கோட்டில் நின்று இழுப்பதால் அப்போது ஓதம் ஏறுவதும் இறங்குவதும் மற்ற நாட்களைவிட அதிகம். நம் கரையில் அந்த வித்தியாசம் எப்போதுமே ஒரு மீட்டருக்குள்தான் என்பதால் பெரிய தொந்தரவு இல்லை. ஆனாலும் நீர் வற்றி இறங்கும் வேளையில் இழுப்பு கூடும் என்பதை அன்று குளிக்கிறவர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

ஆடி மாதத்துக்கு வேறு எச்சரிக்கை. கச்சான் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி அடிப்பதால் கரையோரம் அலை அடங்கித் தெரியும். காற்றடைத்த டியூபிலோ மிதவையிலோ பிள்ளையை உட்கார வைத்தால், அது சத்தமில்லாமல் வெளியே நகர்ந்துவிடும். அந்த மாதங்களில் மிதக்கும் பொம்மைகளை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

நேரமும் பார்க்க வேண்டும். காரைக்கால் ஏறக்குறைய 10.9 பாகை வடக்கே இருப்பதால், ஏப்ரல் 18ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 24ஐ ஒட்டியும் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. அந்த வாரங்களில் பத்து மணிக்கு மேல் நிழலே கிடைக்காது. மே, ஜூனில் மேற்குக் காற்று பலமாக இருந்தால் கடல் காற்று உள்ளே வரப் பிற்பகல் இரண்டு மூன்று மணிகூட ஆகும். அதுவரை கரையிலும் அனல்தான். குளிக்கக் காலை, உட்கார மாலை என்று வைத்துக்கொள்ளலாம். ஜனவரி முதல் ஏப்ரல் வரை இரவில் போனால் டார்ச் அடிக்காதீர்கள். பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறும் காலம், வெளிச்சம் கண்டால் தாய் திரும்பிவிடும், குஞ்சுகள் திசை மாறி ஊர்ப்பக்கம் போய்விடும்.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமியில் கிளிஞ்சல்மேடும் காரைக்கால்மேடும் பட்டினச்சேரியும் என்ன பட்டன என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர் விருந்தினருக்குச் சொல்லியாக வேண்டும். நிலம் நீண்ட நேரம் அதிர்ந்தாலோ, கடல் வழக்கத்தை மீறி உள்வாங்கித் தரை தெரிந்தாலோ, வேடிக்கை பார்க்காமல் மேற்கே ஓட வேண்டும். 2007 முதல் ஹைதராபாத் மையம் சுனாமி எச்சரிக்கையும் தருகிறது. அதே மையம் ஒவ்வொரு நாளும் அலையின் உயரத்தையும் காற்றின் திசையையும் முன்கூட்டியே வெளியிடுகிறது. கிளம்பும் முன் கைபேசியில் அதைப் பார்க்க ஒரு நிமிடம் ஆகும். கரைக்கு வந்த பிறகு, வலை பின்னிக்கொண்டிருக்கும் ஒருவரிடம் ‘அண்ணே, இன்னிக்கு இழுப்பு எந்தப் பக்கம்?’ என்று கேளுங்கள். மணல்திட்டு போன வாரம் இருந்த இடத்திலிருந்து நகர்ந்திருக்கும். அது எந்த முன்னறிவிப்பிலும் வராது, அவருக்குத் தெரியும்.